வெறுங்காலில் நடக்கிறேன், விரலிடுக்கில் அரிப்பு. புழு ஏறியிருக்குமா?

தோப்புவாசி · 11 நவம்பர், காலை 8:40

எல்லோருக்கும் வணக்கம். இருபது வருடம் சென்னையில் இருந்துவிட்டு இந்த ஆவணியில் ஊருக்கே திரும்பிவிட்டேன். பேராவூரணிப் பக்கம், அப்பாவின் தென்னந்தோப்பு. விடிந்ததும் செருப்பைக் களத்துமேட்டில் கழற்றிப் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் தோப்புக்குள் நடக்கிறேன். முதல் வாரம் நெருஞ்சி முள் பாடாய்ப் படுத்தியது. இப்போது பாதம் பழகிவிட்டது. ஐந்தாறு வருடமாகக் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகாலில் சுருக்கென்று ஒரு வலி இருக்கும். அது பாதியாகக் குறைந்திருக்கிறது. தூக்கமும் நன்றாக வருகிறது.

தீபாவளியிலிருந்து விடாமல் மழை. பத்து நாளாக வலது கால் சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அரிப்பு. தோல் வெள்ளையாக ஊறி உரிகிறது. டீக்கடையில் சொன்னேன். "கொக்கிப்புழு ஏறியிருக்கும், ரத்தத்தைக் குடிச்சிடும்" என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து மனைவி என்னைச் செருப்பில்லாமல் வாசல்படி இறங்க விடுவதில்லை. ஆறு வயது மகளும் என்னோடு வெறுங்காலில்தான் ஓடுவாள். என்னைவிட அவளை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

நடப்பதை நிறுத்த மனசில்லை. ஆனால் பிடிவாதம் பிடிக்கவும் விருப்பமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓட்டக்காரன்_கோவை · 11 நவம்பர், காலை 9:25

நிறுத்தாதீங்க சகோ. நான் நாலு வருஷமா வெறுங்காலில் ஓடுறேன். புழு, கிருமின்னு சொல்லித்தான் நம்ம பிள்ளைங்களுக்கு மூணு வயசுலயே ஷூ மாட்டிவிட்டுட்டோம். அதோட விலை என்னன்னு கணக்கு இருக்கு. ராவ், ஜோசப்னு ரெண்டு எலும்பு மருத்துவர்கள் நம்ம நாட்டுக் குழந்தைகள் 2300 பேரோட பாதத் தடத்தை எடுத்துப் பார்த்து 1992ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 4 வயசுலேர்ந்து 13 வயசு வரை உள்ள பிள்ளைங்க. செருப்பே போடாத பிள்ளைகள்ல தட்டைப் பாதம் 2.8 சதவீதம். காலணி போட்ட பிள்ளைகள்ல 8.6 சதவீதம். அதுலயும் விரலை மூடுற ஷூ போட்டவங்களுக்குத்தான் அதிகம். சாதாரண ரப்பர் செருப்பு போட்ட பிள்ளைகளுக்கு அந்த அளவு இல்லை.

காரணம் ரொம்ப எளிது. பாதத்துக்குள்ள குட்டிக் குட்டித் தசைகள் நிறைய இருக்கு. மண்ணைப் பிடிச்சு நடந்தாத்தான் அதுக்கு வேலை. ஷூவுக்குள்ள அது தூங்கிடும். கர்நாடகாவுல செருப்பில்லாமலே வாழ்ந்தவங்களோட பாதத்தையும், செருப்பு போட்டவங்க பாதத்தையும், ஐரோப்பியர் பாதத்தையும் அளந்து 2009ல இன்னொரு ஆய்வு வந்துச்சு. செருப்பில்லாதவங்களுக்கு முன்பாதம் அகலமா விரிஞ்சிருக்கு, உடல் எடை பாதம் முழுக்கப் பரவலா இறங்குது.

உங்க குதிகால் வலி குறைஞ்சதுல எனக்கு ஆச்சரியமே இல்லை.

---

பூமித்தொடர்பு · 11 நவம்பர், காலை 11:02

மண்ணில் பாதம் படும்போது பூமியின் மின்னணுக்கள் (எலக்ட்ரான்கள்) உடலுக்குள் ஏறி நோயை எல்லாம் எடுத்துவிடும். அரிப்பு என்பது கழிவு வெளியேறும் அறிகுறி. மருந்து எதுவும் போடாதீர்கள், தானாகச் சரியாகும்.

---

ஆய்வகம்_சாந்தி · 11 நவம்பர், இரவு 9:50

தோப்புவாசி சார், நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். 22 வருட சர்வீஸ். டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன்.

முதலில் மேலே உள்ள பதிவுக்கு. அரிப்பு கழிவு வெளியேறும் அறிகுறி இல்லை, தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். மின்னணு விஷயத்தில் வந்த ஆய்வுகள் எல்லாம் சில பத்துப் பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுகள். அவற்றை நம்பி மருந்தை விடக்கூடாது.

நீங்கள் சொல்லும் அறிகுறி, சுண்டு விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி உரிவது, அநேகமாகச் சேற்றுப்புண். அது பூஞ்சை. கொக்கிப்புழு நுழைந்த இடம் வேறு மாதிரி இருக்கும். சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள், ஒரே நாளில் கடுமையான அரிப்பு, ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். அடங்கிவிடுவதால்தான் ஆபத்து, யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் போட்டோகூடப் பார்க்காமல் நான் முடிவு சொல்லக் கூடாது, டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

இப்போது என் கேள்விகள். தோப்பில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? அவர்கள் வெளிக்குப் போவது எங்கே? நீங்கள் நடக்கும் தடம் அந்த இடத்தைத் தொட்டுப் போகிறதா? மண் மணல்சாரியா, களியா? நாய் உண்டா?

இதற்குப் பதில் தெரிந்தால்தான் உங்கள் தோப்பில் வெறுங்காலில் நடக்கலாமா கூடாதா என்று சொல்ல முடியும்.

---

வண்டல் · 12 நவம்பர், காலை 6:15

எனக்கு 71 வயசு தம்பி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயம். எங்க காலத்துல பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் செருப்பே கண்டதில்லை. சேத்துல நின்னு நாத்துப் பறிச்சோம், வரப்புல ஓடினோம், களத்துல படுத்துத் தூங்கினோம். ஒரு புழுவும் வரலை. இப்ப உள்ளவங்களுக்குத்தான் எதைத் தொட்டாலும் பயம். நீ பாட்டுக்கு நட.

---

தோப்புவாசி · 12 நவம்பர், காலை 10:30

சாந்தி அக்கா, மிக்க நன்றி. நீங்கள் கேட்டபிறகுதான் இதையெல்லாம் யோசிக்கிறேன்.

நிரந்தரமாக மூன்று பேர் வேலை செய்கிறார்கள். ஒரு அண்ணன், இரண்டு அக்காமார். தேங்காய் வெட்டு நாளில் பத்துப் பேர் வரை வருவார்கள். பம்புசெட்டுக்குப் பக்கத்தில் 2017ல் கட்டிய கழிப்பறை ஒன்று இருக்கிறது. அதற்குள் உரமூட்டை அடுக்கி வைத்திருக்கிறோம். எல்லோரும் போவது வாய்க்கால் கரைப் புதர் பக்கம். என் நடை வாய்க்கால் கரை ஓரமாகத்தான், அங்கேதான் நிழலும் குளிர்ச்சியும் அதிகம். மண் மணல்சாரி. நாய் இரண்டு.

எழுதும்போதே எனக்குப் பதில் தெரிகிற மாதிரி இருக்கிறது.

---

ஆய்வகம்_சாந்தி · 12 நவம்பர், இரவு 10:10

சார், கொக்கிப்புழு வளர ஆசைப்படும் இடம் எது என்று என்னிடம் கேட்டால் நீங்கள் எழுதியதைத்தான் சொல்லியிருப்பேன். நிழல், ஈரம், மணல்சாரி மண், அதில் மனித மலம்.

விவரமாகச் சொல்கிறேன். புழு இருக்கும் ஒருவர் வெளிக்குப் போனால் மலத்தோடு முட்டை மண்ணில் விழுகிறது. நல்ல ஈரமும் சூடும் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். ஐந்திலிருந்து பத்து நாளில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். அந்தப் பருவத்தில் அது எதையும் தின்னாது. மண்ணின் மேல்பரப்பிலும் ஈரப் புல்லிலும் வந்து காத்துக்கொண்டிருக்கும். மூன்று நான்கு வாரம் கூட உயிரோடு இருக்கும். காய்ந்த மண்ணிலும் உச்சி வெயிலிலும் தாங்காது. தண்ணீர் கட்டி நிற்கும் வயலும் அதற்கு ஒத்துவராது.

பாதம் பட்டதும் தோல் வழியே உள்ளே போய், ரத்தத்தில் கலந்து, இதயம் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து மூச்சுக்குழலில் ஏறித் தொண்டைக்கு வருகிறது. எச்சிலோடு அதை நாமே விழுங்குகிறோம். கடைசியில் சிறுகுடலில் போய்க் கவ்விக்கொள்கிறது. பாதத்தில் நுழைந்தது குடலுக்குப் போக இவ்வளவு சுற்றுவழி. இதைக் கண்டுபிடித்த கதையும் சொல்லவேண்டும். லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் கெய்ரோவில் வேலை செய்தபோது, 1898ல், புழு இருந்த தண்ணீர் தவறுதலாக அவர் கையில் சொட்டியது. அந்த இடம் சிவந்து அரித்தது. சில வாரம் கழித்து அவர் மலத்திலேயே முட்டை இருந்தது. வாய் வழியாகத்தான் வரும் என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

நம் பக்கம் அதிகம் காணும் வகை ஒரு புழுவுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.03 மில்லி ரத்தம் எடுக்கும். கேட்கக் கொஞ்சமாக இருக்கும். நூறு புழு இருந்தால் நாளைக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. மாதவிலக்கிலும் ரத்தம் போய், கீரையும் கறியும் எப்போதாவது சாப்பிடும் ஒரு பெண்ணுக்கு அது என்ன செய்யும் என்று யோசியுங்கள். புழு ஒன்றிரண்டு வருடம் சாதாரணமாக உயிரோடு இருக்கும், சில அதற்கு மேலும்.

வண்டல் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு புழுவும் வரவில்லை என்று எப்படித் தெரியும்? மலப் பரிசோதனை செய்து பார்த்தீர்களா? வலி இல்லாமல், காய்ச்சல் இல்லாமல் வருடக்கணக்கில் இருக்கும் நோய் இது. உங்கள் ஊரில் அந்தக் காலத்தில் முகம் வெளுத்து, நடந்தால் மூச்சு வாங்கி, அடுப்பு மண்ணையும் சாம்பலையும் தின்னும் பெண்கள் இருந்தார்களா, இல்லையா?

---

மலையகத்தான் · 13 நவம்பர், காலை 7:45

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் கொழுக்கிப்புழு என்று சொல்வோம். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு லயத்து வாசல்தான், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு வாசல்தான், ஞாபகம் வரும்.

பிரித்தானியர் காலத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்களுக்கு ஏது சப்பாத்து? பனி படிந்த தேயிலை மலையில் காலை ஆறு மணிக்கு வெறுங்கால். ஒரு லயத்தில் பத்துக் காம்பரா (அறை), ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். கக்கூஸ் கிடையாது. எல்லோரும் மலைக்குள்ளேதான் போவார்கள். அதே மலையில்தான் மறுநாள் கொழுந்து. அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் 1916ல் இலங்கையில் கொழுக்கிப்புழுவை ஒழிக்க வேலை தொடங்கினார்கள். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. மண் அப்படியே இருந்ததால் ஆட்களுக்குத் திரும்பவும் ஏறியது. கக்கூஸ் கட்டச் செலவு செய்யத் துரைமாருக்கு மனம் வரவில்லை.

எங்கள் அப்பாயிக்குக் கடைசி வரை கண்ணின் கீழ்ப்பக்கம் வெள்ளைச் சீலை மாதிரி இருக்கும். "சோம்பேறி, பெரட்டுக்குப் பிந்தி வருது" என்று, காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் அந்தப் பெரட்டில் கங்காணி பேர் எடுத்துக் கொடுத்தாராம். அரை நாள் சம்பளம் போகும். அப்பா சொல்லும்போது இன்றைக்கும் குரல் மாறிவிடும்.

வெறுங்காலில் நடப்பது உடம்புக்கு நல்லது என்று படிக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. நடக்க ஆசைப்பட்டு நடப்பவர்கள் வேறு, சப்பாத்து இல்லாமல் நடந்தவர்கள் வேறு. தோப்புவாசி அண்ணன், உங்கள் தோப்பில் வேலை செய்கிறவர்கள் காலில் என்ன போட்டிருக்கிறார்கள்?

---

ஆய்வகம்_சாந்தி · 13 நவம்பர், மதியம் 1:20

மலையகத்தான் தம்பி எழுதியதைப் படித்துச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் அழுதுவிட்டேன். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலும் இதே கதைதான். பருத்திக்காட்டு ஏழைகளைச் சோம்பேறிகள் என்றார்கள். 1902ல் ஸ்டைல்ஸ் என்பவர் அங்கே கொக்கிப்புழு இருப்பதைக் காட்டியபோது பத்திரிகைகள் அதற்குச் "சோம்பேறிக் கிருமி" என்றே பெயர் வைத்தன. ரத்தம் இல்லாதவர்களிடம் போய்ச் சுறுசுறுப்பை எதிர்பார்த்திருக்கிறார்கள்.

---

கடலோரம் · 13 நவம்பர், இரவு 8:05

தோட்டம் மட்டும் இல்லை, கடற்கரை மணலும் கவனம். போன மாசி மாதம் எனக்கு நடந்தது. மீன்பிடிப் படகுகள் ஏற்றி வைக்கும் மணலில் ஒரு சாயங்காலம் முழுக்க வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். படகு நிழலில் தெருநாய்கள் படுத்திருக்கும் இடம். ஐந்தாறு நாள் கழித்துப் பாதத்தின் பக்கவாட்டில் நூல் மாதிரி சிவந்த கோடு. நேராக இல்லாமல் வளைந்து வளைந்து இருந்தது. இரவில் தூங்க முடியாத அரிப்பு. கோடு நகர்வதாக வீட்டில் சொன்னேன், யாரும் நம்பவில்லை. அதன் முனையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் வட்டத்தைத் தாண்டி அரை விரற்கடை போயிருந்தது.

தோல் டாக்டர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். நாய், பூனைகளின் கொக்கிப்புழுவாம். மனிதத் தோலுக்குள் நுழைந்துவிடும், ஆனால் ஆழத்துக்குப் போக வழி தெரியாது, மேல்தோலுக்குள்ளேயே அலையும். ஐவர்மெக்டின் மாத்திரை ஒரு வேளைதான். இரண்டு நாளில் அரிப்பு நின்றது. மருந்து இல்லாவிட்டாலும் சில வாரங்களில் அதுவே செத்துவிடுமாம், ஆனால் அதுவரை யார் பொறுத்துக்கொள்வது?

அலை வந்து நனைத்துப் போகும் மணலில் நடந்தால் இந்தப் பிரச்சினை குறைவு என்றார். இப்போது அங்கேதான் நடக்கிறேன்.

---

வைகைக்கரை · 14 நவம்பர், காலை 9:00

எங்க ஊர்ப் பேரிலேயே ஒரு கால் நோய் இருக்கு, யாரும் சொல்லலையே. மதுரைக் கால். 1842ல மதுரையில இருந்த கில்ங்கிற வெள்ளைக்கார டாக்டர் இதைப் பதிஞ்சு வெச்சார். அதுக்கப்புறம் உலகம் முழுக்க மருத்துவப் புத்தகத்துல மதுரா கால்னே ஆயிடுச்சு. கிருமிக்கும் மதுரெல்லான்னு பேர் வெச்சிருக்காங்க. இது புழு இல்லை, பூஞ்சை அல்லது ஒருவகை பாக்டீரியா. கருவேல முள் குத்தும்போது மண்ணோட உள்ளே போகும். வலியே இருக்காது. பல மாசம் கழிச்சுப் பாதம் வீங்கிக் கட்டியாகி, ஓட்டை விழுந்து, கடுகு மாதிரி கறுப்பாவோ வெள்ளையாவோ குருணை வெளியே வரும். எங்க சொந்தத்துல ஆடு மேய்க்கிற ஒரு மாமாவுக்கு வந்து பாதத்தையே எடுக்க வேண்டியதாப் போச்சு. முதல் கட்டி வந்தப்பவே காட்டியிருந்தா தப்பிச்சிருப்பார். முள்தானேன்னு விட்டுட்டார்.

அதோட யானைக்கால், நரம்புச்சிலந்தி எல்லாம் வெறுங்காலால வர்றதுதானே?

---

ஆய்வகம்_சாந்தி · 14 நவம்பர், இரவு 9:30

இரண்டும் இல்லை. யானைக்கால் கொசுவால் பரவுவது. ஆனால் ஏற்கெனவே கால் வீங்கியவர்கள் வெறுங்காலில் நடந்து புண் பட்டால் குளிர்காய்ச்சலும் வீக்கமும் கூடும், அவர்களுக்குச் செருப்பு கட்டாயம். நரம்புச்சிலந்தி படிக்கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததால் வந்தது. காலில் வெளியே வருவதால் கால் வழியாக வந்தது என்று நினைப்பார்கள். இந்தியாவில் 1996க்குப் பிறகு ஒருவருக்கும் இல்லை, 2000த்தில் ஒழிந்துவிட்டது என்று சான்றும் கிடைத்துவிட்டது.

மழைக்காலத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சல். காலில் வெடிப்போ சிராய்ப்போ இருந்து, எலி சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் நின்றால் போதும். காய்ச்சலோடு கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு என்றால் வீட்டில் இருக்கக் கூடாது. தனுர்வாத ஊசி பத்து வருடத்துக்கு ஒருமுறை போட்டிருக்க வேண்டும். துருப்பிடித்த ஆணி என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். துருவே இல்லாத முள் போதும்.

---

திண்டுக்கல்_ராஜி · 15 நவம்பர், மாலை 4:40

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். சர்க்கரை நோயைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு வருடாவருடம் பாதயாத்திரை. வெறுங்கால்தான், அது அவருடைய வேண்டுதல். மூன்று வருடம் முன்பு பகல் பதினொரு மணி வெயிலில் தார் ரோட்டில் நடந்திருக்கிறார். கூட வந்தவர்கள் எல்லோரும் நிழலுக்கு ஓடினார்களாம். "எனக்குச் சுடவே இல்லை, முருகன் அருள்" என்று சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறார். அவருக்குக் காலில் உணர்ச்சி போயிருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து நான்காவது நாள், துவைக்கப் போட்ட வேட்டி ஓரத்தில் மஞ்சள் கறையைப் பார்த்து அம்மாதான் காலைத் தூக்கிப் பார்த்தார். கட்டை விரலுக்குக் கீழே தோல் முழுக்கக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் காட்டிய இடத்தில் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் கட்டை விரல் போனது. அடுத்த மாதம் பக்கத்து இரண்டு விரல்.

ஓட்டக்காரன் சார் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் சர்க்கரை இருப்பவர் யாராவது இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் செருப்பைக் கழற்றினால் எனக்குத் தாங்காது. கால் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழையை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும். முதலில் அதைப் பாருங்கள். வேலூரில் தொழுநோயாளிகளுக்காக பால் பிராண்ட் வேலை செய்தபோது, விரல்கள் தானாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுத்தான் போகின்றன என்று எடுத்துக் காட்டினார். அந்த வழியில் வந்த எம்சிஆர் என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இன்று அப்பா வீட்டுக்குள்ளேயும் போடுகிறார். பூஜை அறைக்குள்ளும் அதோடுதான் போகிறார். அதற்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்திருக்கிறோம்.

---

ஓட்டக்காரன்_கோவை · 15 நவம்பர், இரவு 7:15

ராஜி மேடம், மன்னிக்கணும். முதல் பதிவுலயே இதை நான் சொல்லியிருக்கணும். எங்க ஓட்டக் குழுவுல புதுசா வர்றவங்ககிட்ட சர்க்கரை இருக்கான்னு கேட்டுட்டுத்தான் சேர்ப்போம், ஆனா இங்க எழுதும்போது விட்டுட்டேன். உணர்ச்சி உள்ள காலுக்கு மட்டும்தான் நான் சொன்னது பொருந்தும். கென்யாவுல செருப்பில்லாம நடக்கிறவங்களோட பாதத்தை ஆராய்ஞ்சு 2019ல வந்த ஆய்வுல, தோல் எவ்வளவு தடிச்சாலும் தரையை உணர்ற சக்தி குறையலைன்னு சொன்னாங்க. அந்த உணர்ச்சிதான் நம்மளைக் காப்பாத்துது. அது போனவங்களுக்கு வெறுங்கால் கூடவே கூடாது.

---

வண்டல் · 16 நவம்பர், காலை 5:50

ரெண்டு நாளா எழுத வரலை. அந்த அம்மா கேட்ட கேள்வி மனசுல நிக்குது.

எங்க அம்மா மண்ணு தின்னும். மழை பெஞ்சு மண்சுவர் நனைஞ்சா அந்த வாசனைக்கு நிக்க முடியாது அதுக்கு. விரலால சுரண்டி வாயில போட்டுக்கும். அப்பா அடிப்பார். பிள்ளைங்க நாங்க சிரிப்போம். முகம் எப்பவும் ஊதின மாதிரி வெளுப்பா இருக்கும். நாத்து நடப் போனா வரப்புல ரெண்டு தடவை உக்காரும், ஆளுங்க ஏசுவாங்க. நாப்பது வயசுல ஏழாவது பிரசவத்துல போயிடுச்சு. ரத்தம் இல்லைன்னு சொன்னாங்க. அது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

வரலைன்னு நான் எழுதினது தப்பும்மா. பாக்கலைன்னு எழுதியிருக்கணும்.

---

ஆய்வகம்_சாந்தி · 16 நவம்பர், இரவு 9:15

ஐயா, உங்கள் பதிவை என் மகளிடம் வாசித்துக் காட்டினேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தோப்புவாசி சார், நீங்கள், வீட்டில் உள்ளவர்கள், தோப்பில் வேலை செய்பவர்கள் எல்லோரும் மலப் பரிசோதனையும் ஹீமோகுளோபினும் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லை. டப்பாவில் எடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள், வெயிலில் வைத்துவிட்டால் முட்டை பொரிந்துவிடும், அப்புறம் என்ன புழு என்று குழப்பம் வரும். மைக்ராஸ்கோப்பில் கொக்கிப்புழு முட்டை அவ்வளவு அழகாக இருக்கும். கண்ணாடி மாதிரி மெல்லிய ஓடு. உள்ளே திராட்சைக் கொத்துபோல நான்கு அல்லது எட்டு உருண்டை. ஓட்டுக்கும் கொத்துக்கும் நடுவே தெளிவான வெற்றிடம். ஆயிரம் பார்த்திருப்பேன், இன்றைக்கும் ஒன்று கண்ணில் பட்டால் கை ஒரு நொடி நின்றுவிடும், இது யாருடையது என்று சீட்டைத் திருப்பிப் பார்ப்பேன்.

ஒன்று நினைவில் இருக்கட்டும். போன வாரம் ஏறிய புழு இந்த வாரப் பரிசோதனையில் தெரியாது. முட்டை போட ஆரம்பிக்க ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். ரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளை அணு கூடியிருந்தால் அது ஒரு தடயம்.

---

தோப்புவாசி · 2 டிசம்பர், இரவு 8:30

தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லோருக்கும் பார்த்தாயிற்று.

எனக்கு வெறும் சேற்றுப்புண்தான், சாந்தி அக்கா சொன்னதேதான். களிம்பு போட்டு, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தி வைத்ததில் பத்து நாளில் சரியானது. மலத்தில் எதுவும் இல்லை. மனைவிக்கும் இல்லை. மகளுக்கும் இல்லை, அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. மூன்று மாதமாகத்தான் நடக்கிறோம் என்பதால் இன்னும் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

தோப்பில் வேலை செய்யும் மூவரில் இரண்டு பேருக்குக் கொக்கிப்புழு. அதில் ஒரு அக்காவுக்கு ஹீமோகுளோபின் 7.6. பதினாறு வருடமாக எங்கள் தோப்பில் மட்டை பொறுக்கி, கீற்று முடைகிறார். எப்போதும் வெறுங்கால். களைத்துக் களைத்து உட்காருவார். போன மாதம்கூட, "அவங்களுக்கு வயசாயிடுச்சு, வேற ஆள் பாக்கலாமா" என்று நான் மனைவியிடம் கேட்டிருக்கிறேன். அவருக்கு வயது 44.

அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை 400 மில்லிகிராம், இருவரும் அங்கேயே சப்பிச் சாப்பிட்டார்கள். அக்காவை மட்டும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரும்பு மாத்திரை போதாது என்று இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள். நானே காரில் கூட்டிப் போய் வருகிறேன்.

உரமூட்டைகளை எடுத்தாயிற்று. கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பே கொடுக்காமல் கட்டியிருக்கிறோம், அதனால்தான் யாரும் போகவில்லை. இதை ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மோட்டாரிலிருந்து குழாய் இழுத்து, உள்ளே தாழ்ப்பாளும் விளக்கும் போட்டிருக்கிறேன். தேங்காய் வெட்ட வருபவர்களுக்கும் சேர்த்துச் செருப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

என் நடையை வீட்டுக்கு முன்னால் உள்ள களத்துக்கு மாற்றிவிட்டேன். வெயில் படும் இடம், தினமும் கூட்டுகிறோம், நாய்களைக் கட்டி வைத்திருக்கிறேன், அவற்றுக்கும் பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. எட்டுப் போட்டு நடக்கிறேன். வாய்க்கால் கரை அளவுக்குச் சுகமில்லைதான்.

---

மலையகத்தான் · 3 டிசம்பர், காலை 7:10

அண்ணன், அந்த அக்காவுக்கு டிரிப்ஸ் ஏற்றப் போகும் நாட்களுக்குச் சம்பளம் பிடிக்க வேண்டாம்.

---

தோப்புவாசி · 3 டிசம்பர், காலை 7:35

பிடிக்கவில்லை தம்பி. பிடிக்கவும் மாட்டேன்.

---

ஆய்வகம்_சாந்தி · 3 டிசம்பர், இரவு 9:40

வாய்க்கால் கரையில் இனி யாரும் வெளிக்குப் போகாமல் இருந்து, நல்ல கோடையும் ஒன்று அடித்தால் அந்த மண் தானே சுத்தமாகிவிடும். சித்திரை, வைகாசி முடிந்து நீங்கள் தாராளமாக அங்கே நடக்கலாம். அதுவரை களம்.

அக்காவுக்கு இரண்டு மாதம் கழித்துத் திரும்ப ஹீமோகுளோபின் பாருங்கள். மலமும் திரும்பப் பாருங்கள், ஒரு மாத்திரையில் எல்லோருக்கும் முழுதாகப் போய்விடாது. பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள், பள்ளியில் மகளுக்கு மாத்திரை கொடுப்பார்கள். அன்றைக்கு லீவு போட்டுவிடாதீர்கள். ஒரு வயதிலிருந்து 19 வயது வரை உள்ள எல்லோருக்கும் உண்டு, அக்காவின் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள்.

---

தோப்புவாசி · 11 பிப்ரவரி, மாலை 6:20

மகள் நேற்றுப் பள்ளியில் மாத்திரை சாப்பிட்டுவிட்டாள். அக்காவின் இளைய மகனும்.

அக்காவுக்கு இன்று பார்த்தோம். 10.4. மலத்தில் முட்டை இல்லை. வெளியே வந்ததும் சீட்டை என்னிடம் கொடுத்து, "என்ன போட்டிருக்குன்னு இன்னொரு தரம் படிங்க தம்பி" என்றார். படித்தேன். கார் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்து போனார், நடுவில் எங்கும் உட்காரவில்லை.